மந்திரத்துக்கும் கூட்டம் வைக்க வேண்டும்

(மாயப்புனைவு நாவல்களைத் பதிப்பகம் இல்லாமல் தானே வெளியிடுபவர் இந்த எழுத்தாளர். இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னிப் பகுதியில் இருக்கும் முள்ளியவளையில் போட்டோக்கொப்பிக் கடை நடத்துகிறார். அடுத்து வரவிருக்கும் அவரது மூன்று நாவல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை அவரே பதில் சொல்கிறார்.)

பட்டதை எழுதவே ஒரு ஆயுள் போதாது. வன்னியில் இருந்துகொண்டு மாயக்கதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?
– வாசகர், கிளிநொச்சி

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாம்தான்.

என் கடைக்கு அடிக்கடி யாராவது ஒரு பழைய படத்தோடு வருவார்கள். காணாமல் போன மகனின் படம், இல்லாவிட்டால் கணவரின் படம். அசல் எந்தத் தறப்பாள் கொட்டிலில் தொலைந்ததோ, கையில் இருப்பது கொப்பியின் கொப்பி. ஆணைக்குழு மாறும், அலுவலகம் மாறும், விண்ணப்பப் படிவம் மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வேண்டும். எடுக்க எடுக்க முகம் கறுத்துக்கொண்டே போகும். முதலில் மூக்குக் கரையும், பிறகு கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலும் தலைமயிரும் ஒன்றாகிவிடும். மெஷினில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பேன், குறைத்துப் பார்ப்பேன். "பரவாயில்லைப் பிள்ளை, எனக்குத் தெரியுதுதானே" என்று அந்த அம்மா வாங்கிக்கொண்டு போவார்.

அவருடைய கதையை அவர் பெயரில் எழுத எனக்கு உரிமை இல்லை. நாளைக்கும் அவர் கடைக்கு வருவார், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு படத்தைப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் இருப்பவரின் முகம் உண்மையாகவே மங்கிப்போகிற ஒரு பட்டினத்தை என்னால் எழுத முடியும். அங்கே பிரதி எடுக்கிறவள் என்ன செய்வாள்? எடுக்கமாட்டேன் என்றால் படிவம் ஏற்கப்படாது. எடுத்தால் ஆள் போய்விடுவார். இதுதான் மூன்றாவது நாவல். இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். பட்டதை நேரே எழுதுகிறவர்கள் எழுதட்டும், நான் காசு கொடுத்து வாங்கி வாசிப்பேன்.

அடுத்து வரும் நாவல் வற்றாப்பளை அம்மன் கதை என்று கேள்விப்பட்டோம். உண்மையா?
– வாசகி, சிலாவத்தை

அம்மன் கதை இல்லை, அம்மன் கதையில் வரும் பெடியனின் கதை. உங்களுக்கு ஊர்க்கதை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து நந்திக்கடல் என்ற களப்பின் கரையில் ஒரு கிழவியாக இருந்தாள். மாடு மேய்த்த பெடியள் அவளுக்கு ஒரு குடில் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை விட்டுக் கொளுத்தச் சொன்னாள். எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்றாள். முடியை விலக்கினால் தலை நிறையக் கண்கள். ஆயிரம் கண். அதோடு கிழவி மறைந்துவிட்டாள். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் உங்கள் ஊர்த் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கெரித்து, அப்புறம்தான் வற்றாப்பளையில் பொங்கல்.

அம்மம்மா எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது பேன்சீப்பு அவர் கையில் இருக்கும், என் தலை அவர் மடியில் இருக்கும். தப்பி ஓட முடியாத இடத்தில் வைத்துத்தான் சொல்லுவார். கிழவி எங்கே போனாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பெடியன் என்ன ஆனான் என்றுதான் கேட்பேன். ஆயிரம் கண்ணை விரல் நுனியால் தொட்டவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றானா? தொடும்போது ஒரு கண்ணாவது இமைத்திருக்காதா? அம்மம்மாவிடம் பதில் இல்லை. கோவலன் கூத்திலாவது சொல்வார்கள் என்று விழித்திருக்கப் பார்ப்பேன், பாயில் நித்திரையாகிவிடுவேன்.

நாவலில் அவன் ஒரு பெட்டை. கிழவியின் தலையைத் தொட்ட பிறகு அவள் விரல்களுக்குப் பார்வை வந்துவிடுகிறது. நெல்லைத் தொட்டால் விதைத்தவன் தெரிவான். கதவைத் தொட்டால் கடைசியாக அதைச் சாத்திவிட்டுப் போனவர் தெரிவார். முதலில் சனத்துக்கு அது அதிசயம். பிறகு ஊர் முழுக்க அவள் வாசலில் வந்து நிற்கிறது, ஆளுக்கொரு சட்டை, செருப்பு, சைக்கிள் மணி என்று கையில் பிடித்துக்கொண்டு. அவளோ கையை மாட்டுச் சாணத்துக்குள் புதைத்துக்கொண்டு நித்திரை கொள்ளப் பார்க்கிறாள். இதற்கு மேல் சொன்னால் புத்தகம் விற்காது.

தெய்வத்தை வைத்துக் கற்பனை செய்வது சரியா?
– வாசகர், தண்ணீரூற்று

நாவலில் அம்மன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, கிழவி என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் கோயில் காரியங்களில் ஊறிய ஒரு பெரியவரிடம் எழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மாட்டின் நிறத்தைப் பற்றித்தான் கனநேரம் கதைத்தார். அவருக்கு வெள்ளை மாடு வேண்டுமாம். எனக்குச் செவலைதான் பிடிக்கும், மாற்றவில்லை.

உங்கள் கதைகளில் ட்ராகன், மந்திரக்கோல், வாள்சண்டை ஒன்றுமே இல்லையே, ஏன்?
– மாணவர், விசுவமடு

இரவில் வாழைத்தோட்டத்துக்குள் அலியன் யானை வந்து நிற்பதைப் பார்த்தவருக்கு ட்ராகன் எதற்குத் தம்பி?

மந்திரம் இருக்கிறது. இரண்டாவது நாவல் முழுக்க அதுதான். ஆனால் அங்கே மந்திரம் செய்ய முன்னர் கூட்டம் வைக்க வேண்டும்.

அப்பா குளத்தில் துருசு, அதாவது மதகு, திறக்கும் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் போகம் தொடங்க முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும், விசுவமட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியோடு தண்ணீர் நிற்கும், எல்லாம் அங்கேதான் முடிவாகும். மாரியில் வரும் காலபோகத்துக்கு மழை துணை இருக்கும். கோடையில் வரும் சிறுபோகம் குளத்தை நம்பியது, அதனால் சண்டையும் சிறுபோகக் கூட்டத்தில்தான். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் எழும்பிக் கத்துவார், முன்வாய்க்கால்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா துருசுத் திருகைச் சுற்றும்போது அளவைப் பார்க்கமாட்டார். காதைக் கீழே கொடுத்துக்கொண்டு சுற்றுவார். உள்ளே தண்ணீரின் சத்தம் கரகரப்பில் இருந்து ஒரே இரைச்சலாக மாறும் இடம் ஒன்று உண்டு, அங்கே கையை எடுத்துவிடுவார். கூடினால் வாய்க்கால் உடைக்கும், குறைந்தால் கடைசி வயலுக்குப் போகாது.

இந்த ஊர்களில் ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். பேராறு முத்தையன்கட்டில் தேங்கிப் பிறகு நந்திக்கடலில் போய் விழுகிறது. என் நாவலின் நாட்டில் மந்திரமும் இப்படித்தான் குளம் குளமாக இறங்கி வருகிறது. மேலே ஒருத்தி தன் பிள்ளையின் காய்ச்சலை மாற்றினால் கீழே யாரோ ஒருவரின் பசு வற்றிவிடும். ஆகவே எவரும் தனியாக மந்திரம் போடக் கூடாது. எவ்வளவு, யாருக்கு, எந்தத் திகதி வரை என்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். மந்திரத் துருசின் திறப்பு, அதாவது சாவி, ஒரு துருசுக்காரியிடம். ஒருநாள் இரவு, கூட்டம் இல்லாமல், அவள் அதை அரைச் சுற்று திறந்துவிடுகிறாள். யாருக்காக என்பதுதான் கதை.

பண்டாரவன்னியன் வருவாரா?
– வாசகர், வவுனியா

வரமாட்டார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அந்த வன்னி மன்னனை எழுத ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அந்தக் கல் வருகிறது. 1803 ஒக்டோபர் 31இல் இந்த இடத்தருகே கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று எழுதிக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல். வென்றவன் தன் பெருமைக்கு நாட்டியதை, தோற்றவனை நினைக்கத்தான் சனம் தேடிப் போனது. அதில் தோற்கடித்தார் என்றுதான் இருந்தது, கொன்றார் என்று இல்லை. இரண்டாவது நாவலில் இப்படி ஒரு கல் குளக்கட்டில் நிற்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் அதில் இருந்து ஒரு எழுத்து உதிரும், மிச்ச எழுத்துகள் சேர்ந்து வேறொன்றைச் சொல்லும்.

ஏன் பதிப்பகம் இல்லாமல் நீங்களே போடுகிறீர்கள்? கட்டுப்படியாகிறதா?
– வாசகி, மாங்குளம்

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். வன்னியில் இருந்து என்றால் போர் நாவல் தாருங்கள், இது எதற்கு என்றார்கள். சரி, நானே போடுகிறேன் என்று இறங்கிவிட்டேன். ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பக்க வடிவமைப்பைக் கடை பூட்டிய பிறகு நானே செய்கிறேன். அச்சு யாழ்ப்பாணத்தில். 2022 பொருளாதார நெருக்கடியில் ஏறிய கடதாசி விலையால் நாவலை மெலிய வைக்க நேர்ந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், நாவல் அதனால் நல்லாகத்தான் வந்தது.

கட்டுப்படியாவது வெளியீட்டு விழாவால். வருகிறவர்கள் விலையை விடக் கூடுதலாக என்வலப்பில் வைத்துத் தரும் வழக்கம் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து எழுத்தாளர்களில் பாதிப் பேர் கடனாளிதான். அதில் மண்டபத்துக்கும் ஸ்பீக்கருக்கும் ரோல்ஸுக்கும் ஒரு பங்கு போய்விடும். என்வலப் தந்தவர் எல்லாரும் வாசிப்பார் என்றும் இல்லை. பத்துப் பக்கம் தாண்டி வாசித்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பெடியள், அவர்கள் இரவல் வாங்கி வாசிக்கிறவர்கள்.

போனிலேயே ஒரு மாயக்கதை எழுதி முடித்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது?
– வாசகர், ஒட்டுசுட்டான்

முதலில் அதை இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள், போன் தண்ணீருக்குள் விழும். பிறகு முழுவதையும் அச்செடுத்து, உங்கள் மேல் பாசம் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கேட்டால் மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் மாற்றிய பின் ஒரு பக்கம் விடாமல் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இன்னொன்று: மந்திரவாதி எல்லாம் வல்லவனாக இருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்துவிடும். அவனுக்கு எது முடியாது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் முதல் நாவல் எப்போது கைக்கு வரும்?
– வாசகி, மல்லாவி

தைப்பொங்கலுக்கு வெளியிடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அந்த நேரம் சனத்தின் காசு முழுக்க வயலுக்குள் கிடக்கும், யார் புத்தகம் வாங்குவது? காலபோக வெட்டு முடிந்து நெல் விலைப்பட்ட பிறகு, பங்குனியில். மழை பிந்தினால் நானும் பிந்துவேன்.