இதழியல் எம்.ஏ. முடித்தபின் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் வேலையா, அதே துறையில் பிஎச்.டி.யா?

இதழியல் எம்.ஏ. இறுதியாண்டில் இருக்கிறீர்கள், கார்ப்பரேட் கம்யூனிகேஷன், அதாவது ஒரு நிறுவனத்துக்காக ஊடகத்தோடும் ஊழியரோடும் பேசும் வேலைக்குப் போவதா, ஆய்வுக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்யலாம். எதை முதலில் செய்வது என்பதில்தான் கவனம் தேவை. நெட் தேர்வை (உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) இப்போதே எழுதுங்கள், இரண்டு மூன்று ஆண்டு வேலை பாருங்கள், அதன் பிறகும் ஆர்வம் இருந்தால் பிஎச்.டி.யில் சேருங்கள் என்பதே என் பரிந்துரை.

நெட் ஏன் இப்போதே? முதுகலை இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். கார்ப்பரேட் கம்யூனிகேஷனுக்கென்று தனிப் பாடம் கிடையாது. இதழியல் படித்தவர்களுக்கு இதழியல் பாடம், அதாவது 63-ஆம் எண், எம்.பி.ஏ. வழியாக வந்தவர்களுக்கு மேலாண்மை, அதாவது 17-ஆம் எண். முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எனவே எதையும் விடாமல் எழுதுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதி ஒருமுறை கிடைத்தால் ஆயுளுக்கும் செல்லும். பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும், அதனால் வேலைக்குப் பிறகு சேரும்போது அதற்காக மீண்டும் எழுத நேரலாம். ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, பொதுப்பிரிவினருக்கு 30 வயது வரை. உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சில பொதுத்துறை நிறுவனங்கள் மக்கள் தொடர்பு அதிகாரிப் பணிக்கும் நெட் மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுத்திருக்கின்றன. படிப்பது ஒன்று, வழி இரண்டு.

வேலைக்கு முதலில் பல நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்புப் பணி செய்துதரும் ஏஜென்சிதான் நல்லது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு வாடிக்கையாளர்கள் கையில் இருப்பார்கள்: ஒருவர் மருத்துவமனை, ஒருவர் கட்டுமான நிறுவனம், ஒருவர் மென்பொருள். காலையில் செய்தித் தொகுப்பு அனுப்ப வேண்டும், நிருபர் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், மறுப்புகளைக் கேட்டுப் பழக வேண்டும். நேராக ஒரு நிறுவனத்துக்குள் போய் உட்கார்ந்தால் முதல் ஆண்டு முழுக்க ஊழியர் செய்திமடலோடு முடிந்துவிடும் அபாயம் உண்டு.

நேர்காணலில் சான்றிதழை விட எழுத்துத் தேர்வுதான் முடிவு செய்யும். பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவைப் பங்குச்சந்தை இணையதளத்திலிருந்து எடுத்துச் செய்திக்குறிப்பு எழுதிப் பழகுங்கள். 350 சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே யார், என்ன, எவ்வளவு, எப்போது என்பது வந்துவிட வேண்டும். பிறகு ஒப்பீடு: சென்ற ஆண்டு இதே காலாண்டில் எவ்வளவு என்பது. அதன் பிறகுதான் அதிகாரியின் கூற்று. கடைசியில் நிறுவனம் பற்றிய நிலையான பத்தி, தொடர்பு எண். பெரும்பாலோர் சறுக்கும் இடம் அந்தக் கூற்றுதான். “இதை அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்” என்பதை நாளிதழின் எந்த உதவி ஆசிரியரும் அச்சுக்கு விடமாட்டார். வேறு எங்கும் இல்லாத ஒரு காரணத்தையோ முடிவையோ அதிகாரி சொல்லியிருந்தால்தான் அது நிற்கும்.

தமிழில் எழுதத் தெரிந்தவருக்கு இங்கே பெரிய இடம் காலியாக இருக்கிறது. பல நிறுவனங்கள் ஆங்கிலக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ் நாளிதழ்களுக்கு அனுப்புகின்றன. மில்லியன் கணக்கில் உள்ள தொகை கோடிக் கணக்குக்கு மாறியிருக்காது, பதவிப் பெயர் ஒன்றரை வரிக்கு நீளும், ஒரே வாக்கியத்தில் நான்கு ‘மற்றும்’ இருக்கும். அதைத் திருத்த நிருபருக்கு நேரமில்லை, எனவே செய்தியே போய்விடும். தமிழ்க் குறிப்பைத் தனியாக எழுதுங்கள். கோவை வாசகருக்கு எத்தனை பேருக்கு வேலை என்பது முதல் வரி, மும்பை வணிக நாளிதழுக்கு முதலீடு எத்தனை கோடி என்பது முதல் வரி. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்சாலைகளில் ஊழியர்களுக்குத் தகவல் சொல்ல மின்னஞ்சல் உதவவே உதவாது. உற்பத்தி வரிசையில் நிற்பவரிடம் கணினி இல்லை. ஷிஃப்ட் தொடங்கும்முன் சூப்பர்வைசர் படிக்கும் ஐந்து வரியும், கேன்டீன் வாசல் அறிவிப்புப் பலகையும்தான் அங்கே ஊடகம். வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் இந்தியிலும் வேண்டும்.

வகுப்பில் அதிகம் சொல்லித்தராத பகுதி பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி அமைப்பின் விதிகள். 2015-ஆம் ஆண்டின் பட்டியலிடல் விதிமுறைகளில் 30-ஆவது விதியை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். இயக்குநர் குழு முடிவு கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள் பங்குச்சந்தைக்குப் போக வேண்டும். வர்த்தக நேரத்துக்குப் பின் கூட்டம் முடிந்தால் 3 மணி நேரம். நிறுவனத்துக்குள் எழும் முக்கியத் தகவலுக்கு 12 மணி, வெளியிலிருந்து எழுவதற்கு 24 மணி. சந்தை மதிப்பில் முதல் 250 இடத்தில் உள்ள நிறுவனங்கள், பங்கு விலையைக் கணிசமாக அசைக்கும் வதந்திக்கு 24 மணி நேரத்துக்குள் உறுதியோ மறுப்போ சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர் செய்யும் மிகப் பெரிய தவறு, நல்ல உறவு வைத்திருக்கும் நிருபருக்குக் குறிப்பைக் கொஞ்சம் முன்னதாக அனுப்பிவிடுவது. அது உதவி அல்ல, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலைக் கசியவிடுவது. கம்பெனி செக்ரட்டரி பங்குச்சந்தையில் தாக்கல் செய்துவிட்டேன் என்று சொன்ன பிறகே ‘அனுப்பு’ பொத்தானைத் தொடுங்கள்.

நெருக்கடிக்குப் பயிற்சி வேண்டுமென்றால் 2015-இன் மேகி நூடுல்ஸ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட ஈயம் 2.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), உத்தரப் பிரதேச அதிகாரிகள் சொன்ன அளவு 17.2. ஜூன் 5-இல் நாடு முழுதும் திரும்பப் பெறும் உத்தரவு, ஆகஸ்ட் 13-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நவம்பரில் மீண்டும் விற்பனை. நீதிமன்றத்தில் வென்றும் கடை அலமாரி ஐந்து மாதம் காலியாக இருந்தது. ஆய்வக முடிவு யாருடையது சரி என்பது நிபுணர்களின் கேள்வி. வீட்டில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: குழந்தைக்குக் கொடுக்கலாமா? அந்தக் கேள்விக்கு, மே மாதத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, 100 சொல்லில் 30 நிமிடத்துக்குள் முதல் அறிக்கை எழுதுங்கள். தெரிந்தது என்ன, இன்னும் சோதிக்கப்படுவது என்ன, வீட்டில் உள்ள பாக்கெட்டை என்ன செய்வது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இப்படி மூன்று மாதிரி உங்கள் கோப்பில் இருந்தால் நேர்காணலில் பேச்சு அதைச் சுற்றியே போகும்.

இனி ஆய்வுப் பக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்று குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை என்று 2023-இல் யு.ஜி.சி. திருத்தியது. ஆனாலும் நல்ல துறைகளில் தேர்வுக் குழு பிஎச்.டி. இருப்பவரையே நாடுகிறது. பட்டத்தின் பெயரையும் பாருங்கள்: உங்கள் எம்.ஏ.வின் பெயர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் தமிழ்நாட்டு அரசுப் பணிக்குச் சமநிலை அரசாணை (அது உரிய பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை) இருக்கிறதா என்று சேரும்முன்பே உறுதி செய்யுங்கள். நெட் தேறியும் இந்த இடத்தில் நின்றுபோகிறவர்கள் உண்டு.

தலைப்புத் தேர்வில்தான் பலருடைய ஆய்வு சாகிறது. ‘சென்னை ஐ.டி. நிறுவனங்களில் தகவல்தொடர்பின் செயல்திறன்’ என்று எடுத்து, தெரிந்த 200 பேருக்கு கூகுள் படிவம் அனுப்புவது ஆய்வே ஆகாது. யார் பதில் தந்தார்கள், யார் தரவில்லை என்பதே தெரியாதபோது அந்த விழுக்காடுகளை எந்த இதழ் நம்பும்? நிறுவனங்கள் உள்ஆவணம் தராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பொதுவெளியில் கிடைப்பதே ஏராளம்: ஆண்டறிக்கைகள், பங்குச்சந்தைத் தாக்கல்கள், முதல் 1,000 பட்டியல் நிறுவனங்கள் தரவேண்டிய பொறுப்புடைமை மற்றும் நிலைத்தன்மை அறிக்கைகள். நெருக்கடியில் நிறுவனம் எப்படிப் பதில் தர வேண்டும் என்று பேசும் ஆய்வாளர் திமோதி கூம்ப்ஸின் நெருக்கடித் தொடர்புக் கோட்பாட்டை ஆங்கிலச் செய்திகளில் சோதித்தவர்கள் நிறைய. ஒரே சம்பவத்தில் நிறுவனத்தின் அறிக்கை தமிழ் நாளிதழ்களில் எப்படி மாறுகிறது என்பது நல்ல கேள்வி, தரவும் நூலகத்தில் இருக்கிறது.

வேலை பார்த்த ஆண்டுகள் இங்கே கைகொடுக்கும். எந்த அறிக்கை எத்தனை திருத்தம் கண்டு வெளிவருகிறது என்று அறிந்தவர் அதை வேறு மாதிரி படிப்பார். ஆனால் வேலையை விட்டு வரும்போது பழைய மின்னஞ்சல்களையும் வரைவுகளையும் தரவாக எடுத்து வராதீர்கள். நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள், எந்த ஆவணம், எந்தக் காலம், பெயர் மறைக்கப்படுமா என்று அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்ன ‘சரி’, அந்த மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போன அன்றே செல்லாது.