மருத்துவர் பதில்: வெந்தயமும் பாகற்காயும் சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது

கேள்வி: எனக்கு வயது 63. சிங்கப்பூரில், யீஷூனில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். எட்டு வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மெட்ஃபார்மின், கிளிக்லசைட் சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு நான்கு மாதத்துக்கு முன்னால் எனலாப்ரில் என்று புதிய மாத்திரை கொடுத்தார்கள். ஊரிலிருக்கும் அக்கா சொல்லி, இரண்டு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் வெந்தயம் ஊறிய தண்ணீரும் அரை டம்ளர் பாகற்காய்ச் சாறும் குடிக்கிறேன். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் சில நாள் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. மூட்டுவலிக்கு மகன் மஞ்சள் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறான். எட்டு மாதப் பேரனுக்குச் சளி பிடித்தால் ஓமவல்லிச் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுப்பேன். மருமகள் கூடாது என்கிறாள். எனக்கும் வறட்டு இருமல் விடாமல் இருக்கிறது. ஓமவல்லிக் கஷாயம் குடித்தும் நிற்கவில்லை. எதைத் தொடரலாம், எதை விட வேண்டும்?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்தப் பதினொரு மணி நடுக்கம்தான். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். இதை இன்றே கவனிக்க வேண்டும்.

நீங்கள் சாப்பிடும் இரண்டு சர்க்கரை மாத்திரைகளும் ஒரே மாதிரி வேலை செய்பவை அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்குவது அபூர்வம். கிளிக்லசைட் அப்படி இல்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அன்று நீங்கள் சரியாகச் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதோடு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடிய பாகற்காய்ச் சாற்றையும் வெந்தயத்தையும் வெறும் வயிற்றில் சேர்க்கிறீர்கள். சாறு குடித்த பிறகு பசி மந்தித்து, ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். நீங்களும் அப்படியா என்று யோசித்துப் பாருங்கள். இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் முற்பகலில் சர்க்கரை தாழ்ந்துபோவதில் ஆச்சரியமில்லை.

அடுத்த முறை கை நடுங்கினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். இங்கே நம் கருவிகள் மில்லிமோலில் காட்டும். 4க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. ஊரில் அக்கா சொல்லும் கணக்கு மில்லிகிராமில் இருக்கும். நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் வரும். நமக்கு 4 என்றால் அவர்களுக்குச் சுமார் 70. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் ரொட்டியோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். கருவி பக்கத்தில் இல்லையா? அதைத் தேடி நேரத்தைப் போக்காமல் முதலில் சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நீங்கள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

பாகற்காய்ச் சாற்றை நாளையிலிருந்தே நிறுத்திவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நடுக்கம் வந்த நாட்களையும் அப்போது கருவி காட்டிய எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்த வாரத்துக்குள் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள். கிளிக்லசைட் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். உங்கள் வயதில் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் இந்த மாதிரி மாத்திரைகளால் சர்க்கரை தாழும் ஆபத்து கூடும். அதையும் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்.

பாகற்காயைக் குழம்பிலோ வறுவலிலோ சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். பிழிந்த சாற்றில் மட்டும்தான் எனக்குச் சம்மதம் இல்லை. எத்தனை காயைப் பிழிகிறோம், அது எவ்வளவு வீரியம் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. ஒரு நாள் சின்னக் காய், மறுநாள் பெரிய காய் என்று போய்க்கொண்டிருக்கும். மருந்து அளவு அப்படித் தினம் மாறலாமா?

வெந்தயம் எனக்குப் பிடித்த பொருள். அதை விடச் சொல்ல மாட்டேன், ஆனால் குடிக்கும் முறையை மாற்றுங்கள். இரவு ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் விரலால் தொட்டால் வழவழவென்று இருக்கும். அந்தக் கொழகொழப்புத்தான் அதன் நார்ச்சத்து. வயிற்றுக்குள் போய்க் கூழாகி, சோற்றிலிருந்தும் தோசையிலிருந்தும் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நார் பெரும்பாலும் விதையோடுதான் இருக்கிறது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிட்டால் பலனில் பாதிக்கு மேல் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். ஒரு தேக்கரண்டி வெந்தயம் சுமார் 4 கிராம். ஓரளவு பலன் தெரிந்த ஆய்வுகளில் பொதுவாக இதைவிடக் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரு தேக்கரண்டியில் பெரிய அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். விதையையும் சேர்த்து மென்று தின்னுங்கள், அல்லது தோசை மாவில் அரைத்துக்கொள்ளுங்கள். அதே கூழ் மாத்திரை உடம்பில் சேருவதையும் தாமதப்படுத்தலாம். அதனால் வெந்தயத்துக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், மாத்திரை போடாத வேளைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடருங்கள்.

வீட்டில் யாராவது சர்க்கரைக்கு மூலிகை மாத்திரை என்று இணையத்தில் வாங்க நினைத்தால் 2008இல் சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடுமையான தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் ஆண்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. அது உங்கள் கிளிக்லசைட் இருக்கும் அதே குடும்பத்து மருந்து. உறையில் இலைப் படம் போட்டிருப்பதை வைத்து உள்ளே இருப்பதை நம்பிவிட முடியாது.

அடுத்து மஞ்சள் மாத்திரை. ரசத்திலும் பொரியலிலும் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின், மஞ்சள் தூளில் சுமார் நூற்றுக்கு மூன்று பங்குதான். 500 மில்லிகிராம் குர்குமின் உள்ள ஒரு மாத்திரைக்கு ஈடாக மஞ்சள் தூள் சாப்பிட வேண்டுமென்றால் ஐந்து தேக்கரண்டி ஆகும். அதை யார் சாப்பிடுவார்கள்? அதுபோக, இந்த மாத்திரைகளில் பலவற்றில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்க்கிறார்கள். அது குர்குமின் ரத்தத்தில் சேரும் அளவைப் பல மடங்கு கூட்டுகிறது. 2019இல் இத்தாலியிலும் 2023இல் ஆஸ்திரேலியாவிலும், மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததைப் பார்த்து அரசு அமைப்புகள் எச்சரிக்கை விடுத்தன. எல்லாருக்கும் வராது, சிலருக்கே வருகிறது. மூட்டுவலிக்கு அதனால் கொஞ்சம் குறைவு தெரிந்ததாகச் சில ஆய்வுகள் இருப்பதும் உண்மைதான். ஆனாலும் ஏற்கெனவே மூன்று மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. மகன் பாசத்தில் வாங்கியிருக்கிறார், கோபிக்க வேண்டாம். டப்பாவை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். முழங்கால் வலிக்கு முதலில் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேரன் விஷயத்தில் மருமகள் சொல்வதுதான் சரி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் சில நேரம் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கும். நம் குடல் அதைச் சமாளித்துவிடும். பச்சிளங்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை துவண்டுபோகும், பால் குடிக்கத் திணறும், மூச்சுக்கூட நிற்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் போய் நிற்க வேண்டும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. எத்தனையோ குழந்தைகளுக்குக் கொடுத்து ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் சளி தானாகவே ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். அதற்காக இந்த ஆபத்து எதற்கு? ஓமவல்லிச் சாறும் அந்த வயதில் வேண்டாம். வசம்பு உரைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் இரண்டு வயதுக்கு முன் கூடாது. கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கலாம்.

அப்படியானால் பாட்டி கைவைத்தியமாக என்னதான் செய்வது? பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர் விடுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டாலோ, ஆறு மணி நேரமாக நாப்கின் நனையாவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு வயது முடிந்த பிறகு, இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். அது இருமலைத் தணிப்பதாக ஆய்வுகளே சொல்கின்றன.

ஓமவல்லியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தடித்த இலையைக் கசக்கினால் வரும் வாசனைக்குக் காரணமான தைமோலும் கார்வக்ராலும் கிருமிகளை எதிர்ப்பவை. பெரியவர்கள் தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு மூன்று இலையைக் கொதிக்கவைத்து இளஞ்சூட்டில் குடித்தால் இதமாக இருக்கும். பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டாலும் சரி. செடித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் மட்டும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும், ஓர் இருபது காசு நாணயத்தின் அளவு தண்ணீரே அதற்கு இடம்.

கடைசியாக உங்கள் இருமல். ஓமவல்லி ஏன் கேட்கவில்லை என்றால், அது சளியால் வந்த இருமலாகவே இல்லாமல் இருக்கலாம். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலை வரவழைக்கும். நம் ஆசிய மக்களிடம் இது இன்னும் அதிகம். அந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்போதே பிராடிகைனின் என்ற பொருளை நுரையீரலில் தேங்கவிடுகிறது. அதனால் தொண்டையில் ஒரு நமைச்சல், வறண்ட இருமல். மாத்திரை தொடங்கிச் சில வாரமோ சில மாதமோ கழித்துக்கூட ஆரம்பிக்கும். உங்களுக்கு இருமல் எப்போது தொடங்கியது? எனலாப்ரில் ஆரம்பித்த பிறகு என்றால், என் சந்தேகம் அதன் மேல்தான். மருத்துவரிடம் இதை நேராகக் கேளுங்கள். லொசார்டன் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் இருமல் அடங்கிவிடும், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். அதுவரை எனலாப்ரிலை நீங்களாக நிறுத்தாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறிவிடும். ஆனால் உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் அது வேறு விஷயம். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே 995ஐ அழையுங்கள். இருமலோடு எடை குறைவது, இரவில் வியர்ப்பது, சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

போகும்போது மூன்று மாத்திரை அட்டைகளையும் மஞ்சள் டப்பாவையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெந்தயம், பாகற்காய், ஓமவல்லி என்று நீங்கள் குடித்ததையும் எவ்வளவு, எந்த நேரம் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். முடிந்தால் மருமகளையும் கூட்டிப் போங்கள், அவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது.