பழைய காரண்டைப் புதிதாக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வசிக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு நெடுநாள் ஆசைப்படி அலபாமாவின் அனிஸ்டனுக்குப் போய், பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் சி.எம்.பி. அமைப்பின் கடையில் ஓர் எம்1 காரண்ட் வாங்கிவிட்டேன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய துப்பாக்கி அது. அதன் மரக்கட்டை கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கும் வெட்டுக்காயங்களுமாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா? ரிசீவரில் (குழல் பொருந்தும் இரும்பு உடல்) ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆலையின் பெயர் இருக்கிறது, ஆனால் போல்ட்டிலும் (தோட்டாவைக் குழலில் அடைத்துப் பூட்டும் பாகம்) ட்ரிகர் பகுதியிலும் வின்செஸ்டர் என்ற வேறொரு நிறுவனத்தின் முத்திரை. ஏமாந்துவிட்டேனா? நண்பர் ஒருவர் 1943 என்று அடித்த தோட்டாக்கள் ஒரு டப்பா தந்திருக்கிறார். அதைச் சுடுவதா, வால்மார்ட்டில் கிடைக்கும் வேட்டைத் தோட்டா வாங்குவதா? மனைவிக்கு இது வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை. அவளுக்கு என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உப்புத்தாளைக் கீழே வையுங்கள். முதல் வேலை அதுதான்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளைக் கெடுத்ததில் போரைவிட உரிமையாளர்களின் அக்கறைக்குத்தான் பங்கு அதிகம். உங்கள் கட்டையின் இடது பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பரிசோதகரின் முத்திரையோ, பின்னாளில் செப்பனிட்ட ஆயுதக்கிடங்கின் எழுத்துகளோ மங்கலாகத் தெரியலாம். அந்தத் துப்பாக்கி எங்கெல்லாம் போய்வந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அவ்வளவுதான். உப்புத்தாள் அதைப் பத்து நிமிடத்தில் அழித்துவிடும். மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) துணியை நனைத்துப் பிசுக்கை மட்டும் துடைத்தெடுங்கள். காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். வெட்டுக்காயங்கள் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டுக் காயவிடுங்கள். இரும்பின் சாம்பல்பச்சை நிறமும் துரு அல்ல. அது பார்க்கரைசிங் என்னும் பாஸ்பேட் பூச்சு. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால் துருவுக்கு நீங்களே வழிவிட்டதாக ஆகும்.

நீங்கள் ஏமாறவில்லை. ஏறத்தாழ 54 லட்சம் காரண்டுகள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ராணுவம் அவற்றை மொத்தமாகப் பிரித்து, பாகங்களைத் தொட்டிகளில் கொட்டி, தேறியவற்றை எடுத்து மறுபடி பூட்டியது. எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்றுதான் அதைச் செய்ததே. கிரீஸ், டென்மார்க், பிலிப்பைன்ஸ் என்று கடனாகப் போய்த் திரும்பியவற்றின் கதையும் இதுதான். ஒரே பெயர் வேண்டும் என்று போல்ட்டை மட்டும் வாங்கி மாற்றிவிடாதீர்கள். போல்ட் மாறினால் ஹெட்ஸ்பேஸும், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியும், மாறலாம். அதை அளவி வைத்துச் சோதிக்காமல் சுடுவது முகத்துக்கு முன்னால் சூதாடுவது.

இனி தோட்டா. உங்கள் கேள்விகளில் உண்மையிலேயே ஆபத்தானது இதுதான்.

காரண்டில் குழலின் முனைக்குச் சற்று முன்பாக ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அதைக் கடந்ததும் பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியே இறங்கி, நீளமான, வளைந்த ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். ஆப்-ராட் என்பார்கள். அதுதான் போல்ட்டைத் திறந்து, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவுக்கு இடம் விடுகிறது. இந்த ஏற்பாடு 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) எடைக் குண்டுள்ள ராணுவத் தோட்டாவுக்காக அளவெடுத்துச் செய்தது. இன்றைய வேட்டைத் தோட்டாக்களில், அதிலும் 180 கிரெய்னும் அதற்கு மேலும் உள்ளவற்றில், மெதுவாக எரியும் வெடிமருந்துதான் பெரும்பாலும் இருக்கும். குண்டு துளையைத் தாண்டும்போது அழுத்தம் இன்னும் தணிந்திருக்காது. ஆப்-ராட் அடிவாங்கும், வளையும். தோட்டா அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், பெட்டியிலும் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்றே இருக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். காரண்டுக்கு என்றே குறிப்பிட்டு விற்கும் தோட்டாவை வாங்குங்கள். இல்லையென்றால் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று கிடைக்கிறது, அதை மாட்டுங்கள்.

1943 டப்பா வேறு சங்கதி. அழுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்துப் பிரைமரில் (தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் பொட்டு) பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்ட பிறகு குழலுக்குள் உப்பு படியும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஜார்ஜியாவின் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவரின் குழல்தான் முதலில் அரிக்கும். சுட்ட அன்றே சோப்புக் கலந்த வெந்நீரால் குழலையும், அதிலிருந்து வாயு இறங்கும் உருளையையும் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகு எண்ணெய் விடுங்கள். குண்டின் முனை கறுப்பாக இருந்தால் அது கவசம் துளைக்கும் வகை. அதைச் சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள், பல இடங்களில் அனுமதிப்பதில்லை. என்னைக் கேட்டால், அந்த டப்பாவை ஒரு சேகரிப்பாளருக்கே கொடுத்துவிடலாம்.

சுத்தம் செய்வதிலும் அடக்கம் வேண்டும். குழலின் பின்பக்கத்தை ரிசீவர் மறைப்பதால் காரண்டை முனை வழியாகத்தான் துடைக்க முடியும். இரும்புக் கம்பி உரசி உரசியே எத்தனையோ குழல்களின் வாய் தேய்ந்திருக்கிறது. உங்கள் துப்பாக்கியோடு வந்த அட்டையில் எம்.இ. என்று ஓர் எண் இருந்தால், அது அந்தத் தேய்மானத்தின் அளவுதான். பித்தளை வழிகாட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையையும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டாம். ட்ரிகர் கார்டின் பிடிதான் அதை இறுக்கி வைத்திருக்கிறது, கழற்றிக் கழற்றி மாட்டினால் அது தளரும்.

காரண்டுக்கு எண்ணெயைவிட கிரீஸ்தான் சேரும். மழையில் எண்ணெய் கழுவிக்கொண்டு போய் போல்ட் இறுகியதால் ராணுவமே கிரீஸுக்கு மாறியது. போல்ட்டின் காது, ஆப்-ராட் ஓடும் தடம், இரும்பு பளபளத்துத் தேய்ந்த இடங்கள் என்று பொட்டு வைப்பதுபோல் வைத்தால் போதும். வாயு உருளைக்குள் ஒன்றும் வேண்டாம், அது உலர்ந்தே இருக்கட்டும். ஆப்-ராட் சுருளை அளந்து பாருங்கள், 19 இன்ச்சுக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்த, கனடாவில் பிறந்த ஜான் காரண்ட் தன் காப்புரிமையை அமெரிக்க அரசுக்கே கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு லட்சம் டாலர் தர வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வந்த மசோதா தோற்றது. இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பாட்டன் இந்தத் துப்பாக்கிக்குத் தந்த பாராட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இதைச் சொல்ல ஆளில்லை.

உங்கள் மனைவிக்கு நான் சொல்ல ஏதுமில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அது மனிதர்களைக் கொல்ல ராணுவத்துக்காகச் செய்த கருவி, பழசாகிவிட்டதால் அலங்காரப் பொருளாகிவிடாது. வீட்டுக் காவலுக்கு என்றும் அவரிடம் சொல்லாதீர்கள். அந்தக் குண்டு சுவரைத் துளைத்துப் பக்கத்து வீடு வரை போகும். பூட்டிய இரும்பு அலமாரியில் துப்பாக்கி, வேறோர் இடத்தில் பூட்டித் தோட்டா, இரண்டு சாவியும் எங்கே என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேலும் அவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் விற்றுவிடுங்கள், வாங்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவானால், ரேஞ்சுக்குப் போகும் முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை கிளிப்பில் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிடி) எட்டையும் நிரப்ப வேண்டாம், இரண்டு மட்டும் போட்டுச் சுடுங்கள். கிளிப்பைக் கட்டைவிரலால் அழுத்தும்போது, வலது உள்ளங்கையின் ஓரத்தால் ஆப்-ராட் கைப்பிடியைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போல்ட் பாய்ந்து வந்து விரலை நசுக்கும், நகம் வளர மாதங்கள் ஆகும்.