மலையேற்றத்தில் டீசல் கார் திடீரென இழுவை இழக்கிறது. இ.ஜி.ஆர். வால்வை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: 1,248 சிசி டர்போ டீசல் கார். சமவெளியில் குறை இல்லை. ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் இழுவை விழுகிறது, கரும்புகை வருவதில்லை. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் பி0402 என்ற குறியீட்டைக் காட்டியதால் இ.ஜி.ஆர். வால்வை, அதாவது வெளியேறும் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குள் திருப்பிவிடும் வால்வை, மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். டீசல் வண்டிகளையே பார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன அறிகுறிகளில் அந்த வால்வுக்கு எதிரான சாட்சியம் மிகக் குறைவு.

பி0402 என்றால் வெளியேறும் புகை அளவுக்கு மீறி உள்ளே திரும்புகிறது என்று பொருள். ஆனால் பெரும்பாலான கார்களில் அந்தப் புகையை அளக்கத் தனிச் சென்சார் கிடையாது. ஏர் ஃபில்டரை அடுத்துள்ள ஏர் ஃப்ளோ சென்சார் புதுக்காற்றை மட்டும் அளக்கிறது. எதிர்பார்த்ததைவிடக் காற்று குறைந்தால், அந்த இடத்தைப் புகை நிரப்பியிருக்க வேண்டும் என்று இன்ஜின் கணினி கணக்குப் போடுகிறது. ஆகவே காற்றளவு குறைவாகத் தெரிய எது காரணமானாலும் பழி வால்வின்மேல் விழும். சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தால், அளக்கப்படாத காற்று அந்தக் கிழிசல் வழியாக நுழையும். அப்போதும் சென்சார் குறைவாகத்தான் காட்டும்.

கரும்புகை இல்லை என்பதை மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்லுங்கள். வால்வு உண்மையிலேயே திறந்தபடி சிக்கினால் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும், பெரும்பாலும் கரும்புகை தள்ளும். குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே, சமவெளியிலும், மந்தம் தெரியும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலின் அளவே குறைந்திருக்கிறது. டீசல் ஃபில்டர் அடைத்து ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்) விழுந்திருக்கலாம், அப்போது அந்த அழுத்தம் குறைவு என்னும் பி0087 பதிவாவது வழக்கம். அல்லது காற்று குறைவு என்று நம்பிய கணினியே டீசலைக் குறைத்திருக்கலாம். சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்பதால் கணினி எடுத்த தற்காப்பு முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அடைத்த ஃபில்டர் சாவிக்குக் கட்டுப்படாது. சற்று ஓய்வு கிடைத்தால் தேறியதுபோல் தெரியும், அடுத்த ஏற்றத்திலேயே மீண்டும் திணறும்.

சோதனையைச் சேலத்திலேயே, கீழே வைத்துச் செய்யுங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், கடல் மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். கணக்கு எளிது. 1,248 சிசி, நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. ஒரு லிட்டர் காற்று நம் வெயிலில் 1.15 கிராம் அளவுக்கு எடை இருக்கும். முழுதாக நிரம்பினால் 360 மில்லிகிராம், நடைமுறையில் முழுதாக நிரம்பாது. இன்ஜின் நன்கு சூடான பின், ஐட்லிங்கில், ஸ்கேனர் மூலம் வால்வை மூடச் சொல்லிவிட்டு ஒரு ஸ்ட்ரோக்குக்கான காற்றளவைப் பாருங்கள். 300 மில்லிகிராமை ஒட்டி வந்தால் அந்த நேரத்தில் வால்வும் சென்சாரும் ஒழுங்காக இருக்கின்றன. 200 அருகிலேயே நின்றால், இ.ஜி.ஆர். குழாய் இணைப்பில் தற்காலிகமாக ஒரு தகடு வைத்து வழியை அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் வால்வு ஒழுகுகிறது. அசையவில்லை என்றால் வால்வைவிட்டு சென்சார், ஹோஸ் பக்கம் போங்கள். பார்த்து முடித்ததும் தகட்டை எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக அடைத்து ஓட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள். எரியறை வெப்பம் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும், அந்தக் காற்றைத்தான் நாமும் நம் பிள்ளைகளும் சுவாசிக்கிறோம். போதாக்குறைக்கு, திரும்பும் புகை போதவில்லை என்று பி0401 என்ற எதிர்க்கோளாறும் பதிவாகும்.

ஐட்லிங்கில் எல்லாம் சரியாக வந்தாலும் வழக்கு முடியவில்லை. இடைவிட்டு வரும் கோளாறை அது வரும் சூழலில்தான் பிடிக்க முடியும். பக்கத்து இருக்கையில் ஒருவரை ஸ்கேனருடன் உட்காரவைத்து மலையேறுங்கள். காற்றளவு, வால்வு நிலை, டர்போ அழுத்தம், ரெயில் அழுத்தம் ஆகிய நான்கிலும் கணினி கேட்டதையும் கிடைத்ததையும் பதிவு செய்யுங்கள். எது முதலில் பிரிகிறதோ அங்கேதான் வேர் இருக்கிறது, மற்றவை அதைத் தொடர்ந்து சரிபவை. கோளாறுக் குறியீட்டை அவசரப்பட்டு அழிக்கவும் விடாதீர்கள். அது பதிவான நொடியின் வேகம், சுமை, வெப்பநிலை எல்லாம் கூடவே சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அவையும் போய்விடும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அழித்துவிட்டுத்தான் வண்டியைக் கொண்டுவருகிறார்கள், எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வேறிடத்தில் புதிய வால்வு பொருத்தியும் தீராமல் என்னிடம் வந்த ஒரு கார் அச்சாக இதே நிலையில் இருந்தது. டர்போவுக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்க மடிப்பில் ஒரு கிழிசல். நின்ற நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது இன்ஜின் தன் மவுண்டில் சாய, கிழிசல் வாய் திறந்தது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. ஹோஸைக் கழற்றி ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்க்க வேண்டும்.

வால்வே குற்றவாளியாகும் சந்தர்ப்பமும் உண்டு. புகைக்கரியும், இன்ஜினின் உள் ஆவியை வெளிவிடும் பிரீதர் குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கெட்டிப்படும். அதில் ஒரு செதில் வால்வு அமரும் இடத்தில் மாட்டினால் கோளாறு, உதிர்ந்தால் சரி. ஊருக்குள் குறுந்தொலைவு மட்டும் ஓடும் வண்டிகளில் இது அதிகம். அப்போதும் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்துவிட்டுப் புதியதை வாங்கலாம். கூலன்ட் காரணமின்றிக் குறைகிறதா என்பதையும் கவனியுங்கள், திரும்பும் புகையைக் கூலன்ட் கொண்டு குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரின் கசிவு விளையாட்டல்ல. அதனால் ஏற்பட்ட தீ விபத்துகளுக்காகத்தான் 2018இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது.

உங்கள் காரிலும் ஹோஸ் கிழிந்திருந்தால், புதியதை மாட்டுவதற்கு முன் டர்போவின் காற்றுச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். வடிகட்டாத தூசி அந்த வழியாக உள்ளே போயிருக்கும். இதழ் விளிம்புகள் தேய்ந்திருந்தாலோ, சக்கரம் தன்னைச் சுற்றியுள்ள டர்போ கூட்டின் சுவரில் உரசினாலோ, டர்போவையும் கவனித்த பிறகே மலைக்கு எடுங்கள்.