டெல்லியிலிருந்து டோக்கியோ போக சுமார் 8 மணி நேரம், திரும்பி வர மட்டும் ஏன் 10 மணி நேரம் வரை ஆகிறது?

விமான தூரம் என்பது உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. டெல்லி–டோக்கியோவுக்கு அது ஏறக்குறைய 5,900 கிலோமீட்டர். போக வர தூரம் ஒன்றுதான். நேரத்தை மாற்றுவது காற்று. விமானம் பறக்கும் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்த லாபம் கிடைக்காது.