அதுவும் இனவாதம்தான், தங்கச்சி

கேள்வி: 1977 இனக் கலவரத்தோடு என் கணவரின் குடும்பம் மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது. மகள் தரம் 9 படிக்கிறாள். வகுப்பில் அவளைத் ‘தோட்டக்காடு’ என்று கூப்பிடுகிறார்களாம். காலையானால் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறாள். “விடு, எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள்தானே” என்றேன். அதன்பிறகு என்னோடும் சரியாகக் கதைப்பதில்லை. வீட்டிலேயே தோட்டத்துப் பேச்சில் ‘அங்கிட்டு’ என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘அங்கால’ என்கிறாள். என்ன செய்வது அக்கா?
- ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, அந்த ‘அங்கிட்டு’ வந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அப்பாயியின் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிள்ளை சொந்த வீட்டுக்குள்ளேயே விழுங்குகிறாள்.

சிங்களவர் தமிழருக்குச் செய்தால்தான் இனவாதம் என்று பழகிவிட்டோம். பாட்டன் எங்கிருந்து வந்தான், என்ன வேலை செய்தான் என்று பார்த்து ஒரு பிள்ளையைத் தாழ்த்தினால், தாழ்த்துகிறவர் எந்த மொழி பேசினால் என்ன? 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப, அவர்களிடம் கேட்காமலே முடிவெடுத்தது. ‘இது உன் ஊர் இல்லை’ என்ற அதே பேச்சுத்தான் இன்று அந்த வகுப்பறையிலும் கேட்கிறது.

நான் படித்த வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருந்தாள். மற்றவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

இன்றிரவே மகளிடம், “விடு என்று நான் சொன்னது பிழை” என்று சொல்லுங்கள். அவள் வாய் திறக்க அதுதான் வழி. அப்புறம், தாத்தா காடு வெட்டி, கொட்டில் போட்டு, கிணறு தோண்டிய கதையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு நாங்கள் மறைத்தால், அவளும் அதை மறைக்க வேண்டிய விஷயம் என்றுதான் நினைப்பாள்.

யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். “பிள்ளைகளின் பகிடி” என்று தட்டிக்கழித்தால் அதிபரிடம் போங்கள், அதற்கும் மேலே வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. சொன்ன பிள்ளைகளை நீங்கள் போய் ஏசவேண்டாம். அந்தச் சொல்லை அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்துதான் பொறுக்கியிருப்பார்கள்.

வயிற்றுவலியை நடிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். பயம் உடம்பிலும் நோவாக வரும். ஒருதரம் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பள்ளிக்கூடம் அசையாவிட்டால் சிறுவர் உதவி இலக்கம் 1929.