கேஸ் எங்கே போகுது? ஸ்போர்ட்ஸ் கார் ஏசி லீக்: கேள்வி பதில்

ராயபுரம்: அண்ணா, பழைய போர்ஷே பாக்ஸ்டர். ஏப்ரல்ல கேஸ் ஏத்துனோம், ஜூலைல கூலிங் போச்சு. திரும்ப ஏத்துனோம், நவம்பர்ல போச்சு. மெக்கானிக் இன்ஜினை நிறுத்திட்டு கேஜ் மாட்டிப் பார்த்து, "பிரஷர் இருக்கு, லீக் இல்ல"ங்கறார். நம்பலாமா?

நிறுத்திய வண்டியில் கேஜ் காட்டுவது வெயிலின் அளவை, கேஸின் அளவை இல்லை. ஆர்134ஏ கேஸ் உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும் வரை, 35 டிகிரியில் சுமார் 114 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும். 800 கிராம் இருந்தாலும் அதேதான், 300 கிராம் இருந்தாலும் அதேதான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைத் தராசுதான் சொல்லும். மீட்பு மெஷினில் கேஸை முழுக்க இழுத்து எடை போடச் சொல்லுங்கள். ஏற்றிய எடையில் அதைக் கழித்து, நடுவில் போன மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு எத்தனை கிராம் போகிறது என்று தெரியும். அந்த எண் கையில் இல்லாமல் மூன்றாவது முறை கேஸ் ஏற்றுவது வீண் செலவு.

உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் முன் பம்பரின் இரண்டு மூலைகள். பாக்ஸ்டர், கேமன், 911 மூன்றிலும் ரேடியேட்டருக்கு முன்னால் மூலைக்கு ஒன்றாக இரண்டு கண்டென்சர்கள் (சூடான கேஸைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பாகம்) உண்டு. காற்று நுழையும் வாயில் வேப்பிலை, பாலித்தீன், மண் எல்லாம் போய் அடைந்து, மழையில் ஊறி அங்கேயே மக்கும். காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால் அந்த ஈரக் குப்பை அலுமினியத்தை அரித்துவிடும். பம்பரைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். துளை பெரும்பாலும் கீழ் ஓரத்தில், குப்பை மூடிய இடத்தில்தான் இருக்கும்.

அடுத்தது பைப். கம்ப்ரஸர் பின்னால் இன்ஜினோடு, கண்டென்சர் முன்னால். நடுவில் அலுமினியப் பைப் வண்டியின் அடிப்பக்கமாக நீளமாக ஓடுகிறது. அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் ரப்பருக்குள் உப்பு ஈரம் தங்கும். கிளிப்பைத் திறந்து, ரப்பரை விலக்கி, அடியில் அரிப்பின் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள்.

தண்டையார்பேட்டை: சோப்புத் தண்ணி, டை, டிடெக்டர், நைட்ரஜன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை முதல்ல பண்றது?

லீக்கின் வேகம்தான் முடிவு செய்யும். அதற்காகத்தான் மேலே எடைக் கணக்கு.

ஏற்றிய கேஸ் ஓரிரு நாளில் போய்விட்டால் துளை பெரிது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினாலே குமிழி காட்டிக்கொடுக்கும். காதுக்கே சீறல் கேட்பதும் உண்டு. மாதம் 30, 50 கிராம் போனால், கேஸ் பட்டால் சத்தம் போடும் எலெக்ட்ரானிக் டிடெக்டர். கோடை தொடங்கும்போது ஏற்றியது அடுத்த கோடையில்தான் குறைகிறது என்றால் யூ.வி. டை (யூ.வி. வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) போட்டு இரண்டு வாரம் ஓட்டிவிட்டு இருட்டில் யூ.வி. லைட் அடித்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு மெதுவான லீக்குக்கு சோப்பு நுரை தடவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிடெக்டரில் பலரும் தவறுவது தேடும் நேரத்தில். ஏசி ஓடும்போது லோ சைடில் (கம்ப்ரஸருக்குள் கேஸ் திரும்பும் பக்கம்; கம்ப்ரஸரிலிருந்து அழுத்தி வெளியேறும் பக்கம் ஹை சைடு) 30 முதல் 45 பி.எஸ்.ஐ. மட்டுமே இருக்கும், நிறுத்திச் சில நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமமாகி அங்கே 100க்கு மேல் ஏறும். ஆகவே டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், லோ சைடு பைப், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிய அடைப்பு) ஆகியவற்றை வண்டி நின்றபின் தேடுங்கள். கண்டென்சரையும் ஹை சைடு பைப்பையும் ஏசியைப் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்திய கையோடு தேடுங்கள். ஃபேன் சுற்றக் கூடாது, ஷெட்டின் மின்விசிறியும் ஓடக் கூடாது. துறைமுகப் பக்கம் சாயங்காலக் கடல்காற்று எழுந்துவிட்டால் அந்த வேலையை மறுநாள் விடியற்காலைக்குத் தள்ளுங்கள்.

இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். அதனால் மூட்டின் அடிப்பக்கமாக டிடெக்டர் முனையைப் பிடித்து, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். சத்தம் வந்த இடத்தில் காற்று அடித்துக் கலைத்துவிட்டு மறுபடி காட்டுங்கள். மூன்று முறையும் அதே இடத்தில் கத்தினால்தான் கணக்கு. பிரேக் கிளீனர், பெட்ரோல் ஆவிக்கெல்லாம் சில டிடெக்டர்கள் கத்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு பைசா செலவில்லாத சோதனை: கேஸ் ஏற்றும் வாயின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பின் வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணி. கேஜ் மாட்டிக் கழற்றியதில் அந்தப் பின் சரியாக உட்காராமல் போவது சகஜம். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரும் ஒரு சீல்தான். மூடி இல்லாத வண்டியில் கம்ப்ரஸரைக் குறை சொல்ல வேண்டாம்.

பெரம்பூர்: பக்கத்து சீட்டுக் காலடியில் தண்ணி நிக்குது. ஏசி லீக்னு சொல்லிக் கேஸ் ஏத்தச் சொல்றாங்க.

கேஸ் லீக்கானால் தண்ணீர் வராது. கூலிங் காயிலில் வடியும் நீர் வெளியே போகும் டியூப் அடைத்திருக்கிறது. கீழிருந்து மென்மையான ஒயரால் அடைப்பை எடுத்துவிடுங்கள். நீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து வரும் கூலன்ட்.

வியாசர்பாடி: 45 நிமிஷம் வேக்கம் போட்டோம். முள் அசையவே இல்ல. லீக் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

முடியாது. வேக்கத்தில், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் மெஷின் இழுத்தெடுத்தபின், வெளிக்காற்று உள்ளே தள்ளும் விசை வெறும் 14.7 பி.எஸ்.ஐ. ஓடும்போது ஹை சைடில் 200க்கு மேல், அதுவும் உள்ளிருந்து வெளியே. உள்நோக்கி இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும் ஓ-ரிங் (மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்), வெளிநோக்கித் தள்ளும்போது வழிவிடும். வேக்கம் என்பது ஈரத்தை எடுக்கும் வேலை. லீக் சோதனையாக அது பெரிய ஓட்டையை மட்டும் காட்டும்.

மாதவரம்: மத்தியானம் 150 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் அடைச்சோம். விடியக்காலைல 145. லீக்தானே?

ஷெட்டில் வெப்பம் எவ்வளவு இறங்கியது? மத்தியானம் 36 டிகிரி, விடியலில் 26 என்றால் வெப்பம் குறைந்ததால் மட்டுமே சுமார் 5 பி.எஸ்.ஐ. இறங்கும். ஆக இது லீக் இல்லை. அடைத்த நேரத்தின் வெப்பத்தையும் கேஜ் பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். மறுநாள் மத்தியானம் அதே வெப்பத்தில் முள் 150க்கு வந்தால் வண்டி சுத்தம்.

150 போதும், அதற்கு மேல் வேண்டாம். 45 டிகிரி சூட்டில் நிற்கும் வண்டியில் கேஸே இந்த அழுத்தத்தைத் தரும், அதனால் கூலிங் காயில் தாங்கும். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேராக மாட்டாதீர்கள். வெல்டிங் கடை பக்கத்தில் இருக்கிறது என்று ஆக்சிஜன் அடைப்பது உயிருக்கே ஆபத்து: கம்ப்ரஸர் எண்ணெயோடு அழுத்தமான ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

திருவொற்றியூர்: செகண்ட் ஹேண்ட்ல வாங்குன மஸ்டாங். 2023 மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர்ப் பக்கம் நின்ன வண்டியாம். யூ.வி. லைட் அடிச்சா அடிப்பக்கம் முழுக்க மின்னுது. எங்கன்னு தேடறது?

அந்த டிசம்பரில் எண்ணூர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தது. எண்ணெய்ப் படிவும் யூ.வி. வெளிச்சத்தில் மங்கலான நீலமாகவோ பழுப்பு மஞ்சளாகவோ ஒளிரும். ஏசி டை கண்ணைக் கூசும் பச்சை மஞ்சள். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த வண்டியில் முதலில் அடிப்பக்கத்தை டிகிரீஸர் போட்டுக் கழுவிக் காயவைத்து, பிறகு புதிதாக டை போட்டுத் தேடுவதுதான் சரி. அளவு சுமார் 7 மில்லி. "நல்லாத் தெரியட்டும்" என்று இரட்டிப்பாக ஊற்றினால் எண்ணெயின் வழவழப்பு கெடும். கேஸ் ஏற்றும் வாய்களை வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை அதுவே லீக்காகத் தெரியும்.

கொருக்குப்பேட்டை: கூலிங் காயில் போச்சு, டேஷ்போர்டு கழட்டணும்னு சொல்றாங்க. கழட்டாம உறுதி பண்ண முடியுமா?

முடியும், செய்தே ஆக வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டை ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஆயுசுக்கும் ஏதாவது ஒரு மூலை கிறீச்சிடும். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்று சுழற்சியில் வைத்து 15 நிமிடம் விடுங்கள். பிறகு புளோயரைக் குறைந்த வேகத்தில் சில நொடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். நடு வென்ட்டில் டிடெக்டர் முனையை வையுங்கள். அடுத்து, தண்ணீர் வடியும் டியூபின் வாயில். முனை ஈரத்தை உறிஞ்சினால் டிடெக்டர் கெடும், அதனால் நீர் வடிந்து முடிந்தபின் வையுங்கள். இரண்டு இடத்திலும் கத்தினாலும் ஒரு சந்தேகம் பாக்கி: இன்ஜின் பக்கச் சுவரில் பைப் நுழையும் இடத்திலுள்ள எக்ஸ்பான்ஷன் வால்வின் (கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் வால்வு) ஓ-ரிங் லீக்கானாலும் கேஸ் உள்ளே வரலாம். அந்த மூட்டைத் தனியாக நுரை போட்டுப் பார்த்து, சுத்தம் என்றால்தான் டேஷ்போர்டில் கை வைக்க விடுங்கள்.

எண்ணூர்: எக்ஸ்பிரஸ் வேயில கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல அரை மணி நேரம் மாட்டிக்கிட்டேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், கூலிங் போச்சு. பைப் வெடிச்சிருக்குமா?

கம்ப்ரஸரிலோ ஹை சைடு பைப்பிலோ ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் திறந்து கேஸை வெளியே விடும். அது திறந்ததற்குக் காரணம் கண்டென்சர் ஃபேனில் இருக்கும்: ஃபேன் சுற்றாமல் இருந்திருக்கும், அல்லது மெதுவாகச் சுற்றியிருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று சமாளித்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேனின் குட்டு வெளிப்படும். மோட்டார், ரிலே, ஃப்யூஸ் பார்க்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த நெரிசலில் அதுவும் போகும். கேஸ் அளவுக்கு மேல் இருந்தாலும் இப்படி நடக்கும்.

மணலி: லீக் அடைக்கிற கேன் ஒண்ணு விக்கறாங்களே, போடலாமா?

வேண்டாம். காற்றும் ஈரமும் பட்டால் இறுகும் சரக்கு அது. எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், மீட்பு மெஷினையும் கெடுக்கும். அது போட்ட வண்டி என்று தெரிந்தால் நல்ல கடைக்காரர் மெஷினையே மாட்ட மாட்டார்.

புதுவண்ணாரப்பேட்டை: பிஎம்டபிள்யூ ஐ8. இதுல தேடற முறை வேறயா?

தேடும் முறை அதேதான். எண்ணெயும் ஆபத்தும் வேறு. கம்ப்ரஸர் ஹை வோல்டேஜில் ஓடுகிறது. சாதாரணக் காரின் பி.ஏ.ஜி. எண்ணெயோ, அது கலந்த டையோ உள்ளே போனால் மின்காப்பு குறைந்து வண்டி ஃபால்ட் காட்டும். பல கார்களுக்குப் பயன்படுத்திய மெஷின் ஹோஸில் ஒட்டியிருக்கும் எண்ணெய்கூட ஆகாது. கேஸ் குறைந்தால் உங்களுக்கு மட்டும் வியர்க்காது: இந்த வண்டியின் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே கேஸ்தான். ஹை வோல்டேஜ் பயிற்சி இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். எந்தக் கேஸ் என்பதை பானட் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்1234ஒய்எஃப் என்றால் அது லேசாகத் தீப்பற்றும் வகை.

ராயபுரம் (இரண்டாவது கேள்வி): கண்டென்சர்தான்னு உறுதியாச்சு. மாத்தும்போது எதைக் கவனிக்கணும்? புதுப்பேட்டையில பழசு கிடைக்குது.

பழைய கண்டென்சர் வேண்டாம், வாய் திறந்தே கிடந்து ஈரம் குடித்திருக்கும். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான். இரண்டையும் நைட்ரஜனில் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். கழற்றிய பைப் வாய்களை உடனே மூடுங்கள். ட்ரையரை (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம்) கட்டாயம் புதிதாகப் போடுங்கள். திறந்த மூட்டு ஒவ்வொன்றுக்கும் புது ஓ-ரிங், கம்ப்ரஸர் எண்ணெய் ஒரு சொட்டு தடவி. பழைய கண்டென்சரோடு போன எண்ணெய்க்கு ஈடாகப் பொதுவாக 30 மில்லி அளவில் ஊற்றுவார்கள். சரியான கணக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பிறகு 150 பி.எஸ்.ஐ. நைட்ரஜனில் ஒரு ராத்திரி, 45 நிமிடம் வேக்கம், ஸ்டிக்கரில் உள்ள எடைக்குத் தராசு வைத்துக் கேஸ். ஏற்றிய தேதியும் கிராமும் எழுதிய சீட்டு ஒன்றை பானட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.

பம்பரை மாட்டும் முன், காற்று நுழையும் அந்த இரண்டு வாய்க்கும் துருப்பிடிக்காத கம்பி வலை ஒன்று வைத்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாதாரண ஹோஸ் பைப்பால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். பிரஷர் வாஷ் வேண்டாம், கண்டென்சரின் மெல்லிய ஃபின் தகடுகள் மடங்கிவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டை: ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கற வண்டி. ஷாஃப்ட் சீல் லீக்குன்னு ஏன் வருது?

ஓடாமல் நின்றால் சீலில் எண்ணெய்ப் படலம் வற்றும். கம்ப்ரஸரின் கிளட்ச் தட்டைச் சுற்றியும் அதற்கு நேர் எதிரேயும் எண்ணெய் வட்டமாகத் தெறித்திருந்தால் அதுதான். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியைப் போட்டு ஓட்டுங்கள், மழைக்காலத்திலும்.